சித்தப்பா 20 வருடமாகக் குடியிருக்கிறார், பட்டாவும் அவர் பெயரில். வீடு அவருக்கே ஆகிவிட்டதா?

முதலில் கேள்வியைச் சுருக்கிவிடுகிறேன். தாத்தா தன் சுயசம்பாத்தியத்தில் வாங்கிய வீட்டையும் அதை ஒட்டிய 40 சென்ட் நிலத்தையும் 1994-ல் செட்டில்மெண்ட் எழுதிப் பதிவு செய்திருக்கிறார். பாட்டி தன் ஆயுள் உள்ளவரை அனுபவிக்க வேண்டியது, அவர் காலத்துக்குப் பின் மகன்கள் இருவரும் சம பாகமாக அடைய வேண்டியது. தாத்தா 1999-ல் காலமானார். சித்தப்பா 2003-ல் குடும்பத்தோடு பாட்டி வீட்டுக்கு வந்து தங்கியவர், இன்றுவரை அங்கேதான். உங்கள் அப்பா 2012-ல் தவறிவிட்டார், உயில் எதுவும் எழுதவில்லை. பாட்டி 2016-ல். அம்மா, நீங்கள், தங்கை மூவர் இருக்கிறீர்கள்; ஒரு அத்தையும் உண்டு. இப்போது பங்கு கேட்டால் சித்தப்பா மூன்று காரணம் சொல்கிறார். பட்டா என் பெயரில் இருக்கிறது. 12 வருடத்துக்கு மேல் என் அனுபவத்தில் இருக்கிறது. உங்க அப்பா பாட்டிக்கு முன்னாலேயே போய்விட்டதால் அவருக்கு இந்தச் சொத்து வந்து சேரவே இல்லை.

மூன்றுமே தப்பு. ஆனால் மூன்றும் மூன்று விதமான தப்பு, அதனால்தான் ஒரு வரியில் "கேஸ் போடுங்க" என்று சொல்லிவிட்டுப் போகாமல் இவ்வளவு நீளமாக எழுதுகிறேன்.

கொஞ்ச நேரத்துக்கு "நிலம் யாருடையது" என்று கேட்பதை நிறுத்தி வையுங்கள். ஊரில் கேட்கிற கேள்வி அதுதான், கோர்ட்டில் அது போதாது. இந்த நிலத்தில் யாருக்கு என்ன பாத்தியம், எந்தத் தேதியிலிருந்து எந்தத் தேதி வரை, யாருக்கு எதிராக என்று பிரித்துப் பிரித்துத்தான் அங்கே கேட்பார்கள். ஒரே மண்ணில் நாலு பேருக்கு நாலு விதமான பாத்தியம் ஒரே நேரத்தில் இருக்கலாம், நாலும் செல்லும். நம் ஊர்க்காரர்களுக்கு இது புதிது இல்லை. ஜமீன் கிராமங்களில் ஒரே வயலில் ஜமீன்தாருக்கு மேல்வாரம் என்று விளைச்சலில் ஒரு பங்கு, உழுதவருக்குக் குடிவாரம் என்று மீதிப் பங்கு. 1900 வாக்கில் போய் "இந்த வயல் யாருடையது" என்று கேட்டிருந்தால் ஒற்றைப் பதில் கிடைத்திருக்காது, இரண்டு பேரும் தன்னுடையது என்றுதான் சொல்லியிருப்பார்கள், இருவர் சொன்னதும் உண்மையாக இருந்திருக்கும். 1948-ல் ஜமீன் ஒழிப்புச் சட்டம் வந்து ஜமீன்தாரை நடுவிலிருந்து எடுத்த பிறகுதான் அங்கெல்லாம் ரயத்துவாரிப் பட்டா, அதாவது உழுபவருக்கு அரசு நேரடியாகக் கொடுக்கும் பட்டா, என்ற பேச்சே வந்தது. பழைய கிரயப் பத்திரங்களைப் பார்த்திருந்தால் "நிதி நிட்சேபம் ஜலம் பாஷாணம்" என்று ஒரு வரிசை வரும், அஷ்டபோகம் என்பார்கள். புதையல், தண்ணீர், கல், இனிமேல் வரப்போகிற வருமானம் என்று ஒவ்வொன்றையும் தனித்தனியாக எண்ணி எழுதியிருப்பார்கள். சொத்து என்பது உரிமைகளின் கட்டு என்று சட்டக் கல்லூரியில் பாடம் நடத்துவதை நம் பத்திர எழுத்தர்கள் அதற்கு முன்பே எண்ணி வைத்துவிட்டார்கள்.

இப்படிப் பொருளாகப் பிரிப்பது ஒரு வகை. காலமாகப் பிரிப்பது இன்னொரு வகை, உங்கள் விஷயம் அதில்தான் நிற்கிறது. எஸ்டேட் என்றால் நமக்கு வால்பாறையும் கூடலூரும்தான் ஞாபகம் வரும். ஆங்கிலேயச் சட்டத்தில் அந்த வார்த்தைக்கு வேறு பொருள். அங்கே நிலம் கடைசியில் அரசருடையது, குடிமகன் வைத்திருப்பது நிலத்தின் மேல் ஒரு கால அளவு, அந்தக் கால அளவுக்குத்தான் எஸ்டேட் என்று பெயர். பிள்ளை பேரன் என்று முடிவில்லாமல் போவது ஒன்று, ஒருவர் ஆயுளோடு முடிவது ஒன்று, நேரடி வாரிசு வழியில் மட்டும் இறங்குவது இன்னொன்று.

இந்த மூன்றாவதை இங்கே கொண்டுவரப் பார்த்தவர் கல்கத்தாவின் பிரசன்ன குமார் தாகூர். மகன் கிறிஸ்தவராக மாறியதால் அவருக்கு ஒன்றும் இல்லை என்று உயில் எழுதி, சொத்து அண்ணன் மகன் ஜதீந்திர மோகனிடமும் பிறகு ஆண் வழியிலேயே தலைமுறை தலைமுறையாகவும் போகும்படி ஏற்பாடு செய்தார். அன்று இந்திய வழக்குகளுக்குக் கடைசி மேல்முறையீட்டு இடமாக இருந்த லண்டன் பிரிவி கவுன்சில் 1872-ல் அதை ஏற்கவில்லை. இந்து சட்டத்துக்குத் தெரியாத ஒரு வாரிசு முறையை ஒருவர் தன் இஷ்டத்துக்குப் புதிதாக உண்டாக்க முடியாது, ஜதீந்திர மோகனுக்கு ஆயுள் உரிமை மட்டும் செல்லும், அதற்கு மேல் எழுதியது செல்லாது, அவர் காலத்துக்குப் பின் சொத்து சட்டப்படியான வாரிசுக்குத் திரும்பும் என்று தீர்ப்பு. அந்த வாரிசு யார்? எதுவும் கொடுக்கக்கூடாது என்று அப்பா ஒதுக்கிவைத்த அதே மகன்! ஆக, நம் சட்டத்தில் ஆயுள் உரிமை கொடுக்கலாம், அதன்பின் இன்னாருக்கு என்று பின்னுரிமையும் கொடுக்கலாம், ஆனால் முடிவில்லாமல் நூல் கட்டி இழுத்துக்கொண்டே போக முடியாது.

எந்தப் பத்திரம் எவ்வளவு உரிமை கொடுக்கிறது என்று எப்படித் தெரிந்துகொள்வது? வாசகத்தைப் பாருங்கள். "புத்திர பௌத்திர பாரம்பரியமாய், தானாதி வினியோக விக்கிரயங்களுக்கு யோக்கியமாய், சர்வ சுதந்திர பாத்தியத்துடன் ஆண்டு அனுபவித்துக்கொள்ள வேண்டியது" என்று இருந்தால் முழு உரிமை. படிக்கும்போது அலங்காரம் மாதிரி இருக்கும், ஆனால் ஒவ்வொரு சொல்லுக்கும் வேலை இருக்கிறது: வாரிசுக்கு இறங்கும், தானம் கொடுக்கலாம், விற்கலாம். சோழர் கல்வெட்டுகளில் "சந்திராதித்தவல்" என்று வருவதும் இதே வேலையைத்தான் செய்கிறது, சந்திரனும் சூரியனும் உள்ளவரை என்று. அதற்கு மாறாக, "தங்கள் ஜீவித காலம் வரை அனுபவித்துக்கொண்டு, பராதீனம் செய்ய பாத்தியமில்லாமல்" என்று இருந்தால் அது ஆயுள் உரிமை. பராதீனம் என்றால் விற்பது, அடமானம் வைப்பது, தானம் கொடுப்பது எல்லாம் சேர்ந்தது. உங்கள் பாட்டிக்குக் கிடைத்தது இந்த இரண்டாவது. அவர் அந்த வீட்டில் இருக்கலாம், வாடகைக்கு விடலாம், தென்னை மகசூலை எடுத்துக்கொள்ளலாம். 2008-ல் யாருக்காவது கிரயம் எழுதிக் கொடுத்திருந்தால்கூட வாங்கியவருக்கு 2016 வரைதான் சொத்து, பாட்டி மூச்சோடு அவர் பாத்தியமும் போயிருக்கும். தன்னிடம் இருப்பதைவிட அதிகமாக யாரும் கொடுக்க முடியாது.

சரி, சித்தப்பாவின் மூன்றாவது வாதத்துக்கு வருவோம், அதுதான் கேட்பதற்கு நியாயமாகத் தோன்றுவது. பாட்டி இருக்கும்போதே அப்பா இறந்துவிட்டார், அப்படியானால் அவருக்கு எதுவும் வரவில்லையே?

ரயிலில் ஒரே பெர்த்தை எழும்பூரிலிருந்து விழுப்புரம் வரை ஒருவருக்கும், விழுப்புரத்திலிருந்து மதுரை வரை இன்னொருவருக்கும் கொடுப்பார்கள், கவனித்திருப்பீர்கள். விழுப்புரம் வரும்வரை இரண்டாவது ஆள் அந்த பெர்த்தில் உட்கார முடியாது. அதற்காக அவரிடம் டிக்கெட் இல்லை என்று ஆகிவிடுமா? டிக்கெட் கைக்கு வந்தது முன்பதிவு செய்த அன்று, உட்காருவதுதான் பிறகு. உங்கள் அப்பாவுக்கும் சித்தப்பாவுக்கும் டிக்கெட் கைக்கு வந்தது 1994-ல், பத்திரம் பதிவான அன்று. பாட்டி காலம் முடிந்த பிறகு என்று எழுதியது உட்காருகிற தேதியை மட்டும்தான் தள்ளிப் போட்டது. சொத்து மாற்றுச் சட்டம், 1882, பிரிவு 19 இதைத்தான் சொல்கிறது: நிச்சயம் நடக்கப்போகிற ஒன்று நடந்தபின் அடைய வேண்டியது என்று எழுதப்பட்ட உரிமை அப்போதே சேர்ந்துவிட்ட உரிமை, சொத்து கைக்கு வரும் முன் அவர் இறந்துபோனாலும் அது அழியாது. மரணத்தைவிட நிச்சயமானது எது? ரயில் டிக்கெட் தானாக வாரிசுக்கு இறங்காது, இந்த உரிமை இறங்கும், உவமை அந்த இடத்தில் மட்டும் உடையும்.

ஆனால் ஒன்று. பத்திரத்தை எடுத்து அந்த வரியை ஒரு தடவைக்கு இரண்டு தடவை படியுங்கள். "அவர் காலத்துக்குப் பின் என் குமாரர்கள் இருவரும்" என்று இருந்தால் மேலே சொன்னது அப்படியே பொருந்தும். "அவர் காலத்துக்குப் பின் அச்சமயம் உயிருடன் இருக்கும் என் குமாரர்கள்" என்று இருந்தால் கதையே வேறு. அது பிரிவு 21-ல் வரும் நிபந்தனை உரிமை. பாட்டி சாகும் அன்று உயிரோடு இருப்பது என்ற நிபந்தனையை அப்பா நிறைவேற்றவில்லை, சித்தப்பாதான் ஜெயிப்பார். நான் பார்த்த ஒரு வழக்கில் ஒரு கட்சிக்காரர் ஆறு வருடம் கோர்ட்டுக்கு அலைந்தபின் இந்த மாதிரி ஒரே ஒரு சொல்லில் தோற்றார், அதுவரை யாரும் அவருக்கு அதைப் படித்துக் காட்டவில்லை. பத்திரத்தின் ஜெராக்ஸை நம்பாதீர்கள், சார்பதிவாளர் அலுவலகத்தில் நகல் மனு போட்டுச் சான்றிட்ட நகல் வாங்கிப் படியுங்கள்.

வாசகம் சாதகமாக இருக்கிறது என்றே வைத்துக்கொள்வோம். அப்பாவின் பாதி 2012-ல் யாருக்கு இறங்கியது? "எங்கள் மூவருக்கு" என்று எழுதியிருந்தீர்கள். இங்கேதான் எல்லோரும் தவறுகிறார்கள். நீங்கள் இந்துக்கள் என்று வைத்துக்கொண்டு சொல்கிறேன்: 1956 இந்து வாரிசுரிமைச் சட்டத்தில் ஆணின் முதல் வகுப்பு வாரிசுகளில் மனைவியும் பிள்ளைகளும் மட்டும் இல்லை, தாயும் உண்டு. 2012-ல் பாட்டி உயிரோடு இருந்தார். ஆகவே அப்பாவின் பாதி நாலாகப் பிரிந்து அம்மா, நீங்கள், தங்கை, பாட்டி நால்வருக்கும் மொத்தச் சொத்தில் ஆளுக்கு 8-ல் 1. பாட்டிக்கு இப்படி வந்தது ஆயுள் உரிமை அல்ல, முழு உரிமை, மகனிடமிருந்து வாரிசாக வந்தது. 2016-ல் அவர் உயில் எழுதாமல் இறந்ததும் அந்த 8-ல் 1 பிரிவு 15-ன்படி அவருடைய பிள்ளைகளுக்கும், முன்பே இறந்த மகனின் பிள்ளைகளுக்கும் போகிறது. சித்தப்பாவுக்கு 24-ல் 1, அத்தைக்கு 24-ல் 1, உங்கள் அப்பாவின் இடத்தில் நீங்களும் தங்கையும் சேர்ந்து 24-ல் 1. மருமகளான அம்மாவுக்கு இந்தத் துண்டில் பங்கு இல்லை. கூட்டிப் பார்த்தால் 48 பாகத்தில் சித்தப்பாவுக்கு 26, அத்தைக்கு 2, அம்மாவுக்கு 6, உங்களுக்கு 7, தங்கைக்கு 7. செட்டில்மெண்டில் பெயரே இல்லாத அத்தை உள்ளே வந்துவிட்டார், கவனித்தீர்களா? கிறிஸ்தவக் குடும்பமாக இருந்தால் கணக்கு வேறு: மனைவிக்கு மூன்றில் ஒன்று, மீதி பிள்ளைகளுக்கு, பாட்டிக்கு ஒன்றுமில்லை.

இதில் சித்தப்பாவின் வக்கீல் கொஞ்சம் கெட்டிக்காரராக இருந்தால் இன்னொரு வழியில் வருவார். பெண்ணுக்குக் கொடுத்த ஆயுள் உரிமை அதே 1956 சட்டத்தின் பிரிவு 14(1)-ல் முழு உரிமையாக விரிந்துவிட்டது, எனவே பாட்டிதான் முழுச் சொந்தக்காரர், பின்னுரிமை என்று எழுதியதெல்லாம் வீண் என்பார். ஜீவனாம்ச உரிமைக்குப் பதிலாகக் கொடுத்த சொத்தாக இருந்தால் அப்படி விரியும் என்று 1977-ல் துளசம்மா வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னது. கணவன் தன் சுயசம்பாத்தியத்தில் மனைவிக்கு ஆயுளுக்கு மட்டும் என்று வரையறுத்துக் கொடுத்தால் விரியாது, பிரிவு 14(2) பொருந்தும் என்று 2006-ல் சாது சிங் வழக்கில் சொன்னது. இரண்டு வரிசைத் தீர்ப்புகளும் ஒன்றோடொன்று இடித்துக்கொண்டே வந்து, 2024 டிசம்பரில் இந்தக் கேள்வியைப் பெரிய அமர்வுக்கு அனுப்பியிருக்கிறார்கள். உங்கள் பத்திரத்தில் "ஜீவனாம்சத்துக்காக" என்ற சொல் எங்காவது இருக்கிறதா என்று பாருங்கள். ஒருவேளை அந்த வாதமே ஜெயித்தாலும் சொத்து முழுவதும் பாட்டியின் வாரிசுகளுக்கு மூன்று பங்காகப் போகும், அத்தைக்குச் சரிசமமாக மூன்றில் ஒன்று. சித்தப்பாவுக்குப் பாதிக்கு மேல் இருந்தது மூன்றில் ஒன்றாகக் குறையும். அதை அவர் வக்கீல் கணக்குப் போட்டுப் பார்த்தால் வாயைத் திறக்க மாட்டார்.

அடுத்து அனுபவம். பத்திர பாஷையில் சுவாதீனம் என்பார்கள், ஊரில் "கைவசம் இருக்கு" என்பார்கள். சட்டம் இதற்குக் கொடுக்கிற மரியாதை பலருக்கு ஆச்சரியமாக இருக்கும். 1722-ல் லண்டனில் புகைபோக்கி சுத்தம் செய்கிற ஒரு பையன் நகை ஒன்றைக் கண்டெடுத்து விலை கேட்க ஒரு தட்டாரிடம் கொண்டுபோனான். கடை ஆள் எடை பார்க்கிற சாக்கில் கல்லைக் கழற்றிக்கொண்டு வெறும் கூட்டைத் திருப்பிக் கொடுத்தான். பையன் வழக்குப் போட்டான். நகை அவனுடையது இல்லை, எல்லோருக்கும் தெரியும். இருந்தாலும் உண்மையான சொந்தக்காரரைத் தவிர உலகத்தில் வேறு யாருக்கு எதிராகவும் அவன் கைப்பற்று செல்லும் என்று தீர்ப்பு. நிலத்துக்கும் இதே விதிதான். 1968-ல் நாயர் சர்வீஸ் சொசைட்டி வழக்கில், அரசு நிலத்தை அனுபவித்து வந்த ஒருவரை அதே அளவு உரிமையற்ற இன்னொரு தரப்பு வெளியேற்ற முடியாது என்று உச்ச நீதிமன்றம் சொன்னது. நிலைத்த சுவாதீனத்தில் இருப்பவரை, அவர் அத்துமீறி நுழைந்தவராகவே இருந்தாலும், உண்மையான உரிமையாளர்கூட ஆள் வைத்து வெளியே தள்ளக்கூடாது, கோர்ட் வழியாகத்தான் போக வேண்டும் என்பது 2003 டிசம்பரில் வந்த ராமே கவுடா தீர்ப்பு. அப்படிப் பலவந்தமாக வெளியேற்றப்பட்டவர் ஆறு மாதத்துக்குள் ஸ்பெசிஃபிக் ரிலீஃப் சட்டம் பிரிவு 6-ல் வழக்குப் போட்டால், பத்திரம் யாருடையது என்றே பார்க்காமல் சுவாதீனத்தைத் திருப்பிக் கொடுப்பார்கள்.

இதை ஏன் இவ்வளவு விரிவாகச் சொல்கிறேன் என்றால், "நானும் மச்சானும் போய் மாடி ரூம் பூட்டை உடைச்சு உள்ள போயிடலாமா" என்று கடைசியில் ஒரு வரி எழுதியிருந்தீர்கள். கூடாது தம்பி. பங்காளி என்ற முறையில் உங்களுக்கு உள்ளே போகிற உரிமை உண்டுதான், ஆனால் அன்று மாலையே நீங்கள் குற்ற வழக்கில் எதிரியாகவும் சித்தப்பா பாதிக்கப்பட்டவராகவும் மாறிவிடுவீர்கள்.

எல்லா சுவாதீனமும் ஒரே தரம் இல்லை என்பதையும் பார்த்துவிடுவோம். தோட்டத்துக் காவல்காரர் நாள் முழுக்க அங்கேதான் இருக்கிறார், ஆனால் சுவாதீனம் முதலாளியுடையது. வாடகைக்காரருக்கு உண்மையிலேயே சுவாதீனம் உண்டு, உரிமை இல்லை. ஒத்திக்கு வாங்கியவர் பணம் திரும்பும்வரை மகசூலை எடுத்துக்கொள்வார், ஆனால் பணத்தைக் கொடுத்து மீட்கிற பாத்தியம் சொந்தக்காரரிடமே இருக்கும். சென்னையில் ஒரு பெருந்தொகையைக் கொடுத்துவிட்டு வாடகை இல்லாமல் இருப்பதை லீஸ் என்கிறார்கள், பதிவு செய்யாத ஒரு ஸ்டாம்ப் பேப்பரை நம்பி லட்சக்கணக்கில் கொடுக்கிறார்கள், அதைப் பற்றி இன்னொரு நாள் தனியாகத் திட்ட வேண்டும். இவர்கள் யாரும் வருடக்கணக்கில் இருந்ததால் மட்டும் சொந்தக்காரராக மாட்டார்கள். 40 வருடம் வாடகை கொடுத்தவரும் வாடகைக்காரர்தான். ஊரில் "12 வருஷம் இருந்தா அவனுக்கே சொந்தம்" என்று டீக்கடையில் சொல்கிறார்களே, அதில் பாதிதான் சட்டம்.

அந்தப் பாதி எங்கிருந்து வந்தது? 1963 காலவரையறைச் சட்டத்தின் 65-வது ஷரத்திலிருந்து. உரிமையின் அடிப்படையில் சுவாதீனம் கேட்கிறவர், எதிராளியின் அனுபவம் தனக்கு எதிரிடையாக மாறிய நாளிலிருந்து 12 வருடத்துக்குள் வழக்குப் போட வேண்டும். போடாவிட்டால் பிரிவு 27-ன்படி உரிமையே அணைந்துவிடும். அரசு நிலமாக இருந்தால் 30 வருடம். 12 வருடம் எப்போதிருந்து என்பதில்தான் முழு விஷயமும் இருக்கிறது. உட்கார்ந்த நாளிலிருந்து என்று நினைக்கிறார்கள்; எதிரிடையான நாளிலிருந்து. "இது உன்னுடையது இல்லை, என்னுடையது" என்று உரிமையாளருக்குத் தெரியும்படி வெளிப்படையாக, இடைவிடாமல் அனுபவிக்க வேண்டும். அனுமதியோடு இருக்கும்வரை அந்தக் கடிகாரம் ஓடவே ஓடாது. 2003-ல் சித்தப்பா வந்தது பாட்டியின் மகனாக, பாட்டியின் அனுமதியோடு.

பங்காளிக்கு இன்னும் கடினம். கூட்டு உரிமையாளர்களில் ஒருவர் கையில் இருந்தால் அது எல்லோர் சார்பிலும் இருப்பதாகத்தான் அர்த்தம். மற்றவர்களின் உரிமையை மறுத்து, அது அவர்களுக்குத் தெரியும்படி வெளியே நிறுத்தியிருந்தால்தான் எதிரிடை என்று 1956-லேயே லட்சுமி ரெட்டி வழக்கில் சொல்லியாயிற்று. தனியாகக் குடியிருந்தார், தனியாக வீட்டு வரி கட்டினார் என்பது மட்டும் போதாது.

இதையெல்லாம்விட உங்களுக்கு முக்கியமானது 65-வது ஷரத்தின் கீழே சின்னதாக இருக்கும் விளக்கம். பின்னுரிமைக்காரர் வழக்குப் போட்டால், அவருடைய உரிமை சுவாதீனத்துக்கு வந்த நாளிலிருந்துதான் எதிராளியின் அனுபவம் எதிரிடை ஆகும். பாட்டி இருந்தவரை உங்கள் தரப்பு யாரையும் வெளியேற்றக் கேட்டிருக்கவே முடியாது, கேட்க முடியாத காலத்தை உங்கள் கணக்கில் எழுத மாட்டார்கள். ஆகவே சித்தப்பா 2003 என்கிறாரே, அதில் 2016 வரையிலான 13 வருடமும் கழிந்தது. அவருக்கு முழுக்கச் சாதகமாக எல்லாவற்றையும் நம்பினாலும் 12 வருடம் முடிவது 2028-ல்தான். அதற்காக 2028 வரை சும்மா இருக்கலாம் என்று எடுத்துக்கொள்ளாதீர்கள்.

2019-ல் ரவீந்தர் கவுர் கிரேவால் வழக்கில், எதிரிடை அனுபவத்தால் உரிமை முதிர்ந்தவர் தானே வாதியாக வந்து கேட்கலாம் என்று தீர்ப்பு வந்தது, அதற்கு முன் அதைத் தற்காப்பாக மட்டும்தான் சொல்லலாம் என்று கருதியிருந்தார்கள். இந்தச் சட்டமே நியாயமில்லை, மாற்ற வேண்டும் என்று உச்ச நீதிமன்றமே 2008-ல் கடிந்துகொண்டது. சட்ட ஆணையம் 2023-ல் ஆராய்ந்து மாற்றம் தேவையில்லை என்றது. என் கருத்தைக் கேட்டால், நிலத்தைப் பல பத்தாண்டு திரும்பிப் பார்க்காதவருக்கு எதிராக இந்த விதி நியாயம்தான். அண்ணன் தம்பிக்குள் "பாட்டியைப் பார்த்துக்கறான், இருந்துட்டுப் போகட்டும்" என்று விட்டுக்கொடுத்தவருக்கு எதிராக இதைத் தூக்குவதுதான் பொறுக்கவில்லை. இன்னொன்று, செட்டில்மெண்டில் எனக்குப் பாதி என்றும், முழுவதும் எதிரிடை அனுபவத்தில் எனக்கே என்றும் சித்தப்பா ஒரே மூச்சில் சொன்னால், முதலாவது பங்காளி என்று ஒப்புக்கொள்வது, இரண்டாவது அதை மறுப்பது. குறுக்கு விசாரணையில் அங்கேதான் பிடிப்பார்கள்.

பட்டாவைப் பற்றி அதிகம் எழுதத் தேவையில்லை. பட்டா என்பது வருவாய்த் துறை வரி வசூலுக்காக வைத்திருக்கும் பதிவு. அது உரிமையைக் காட்டும் ஒரு சாட்சியம், உரிமையை உண்டாக்காது. நிலம் கைமாறுவது பதிவான பத்திரம், வாரிசு முறை போன்றவற்றால், பட்டாவால் அல்ல. 1980-களில் நிலப் பதிவேடுகளைப் புதுப்பித்த யூ.டி.ஆர். வேலையில் பக்கத்து வயல்காரர் பெயர் ஏறிப்போன பட்டாக்கள் இன்றும் ஊருக்கு நாலு இருக்கும், அதனால் யாரும் பக்கத்து வயலுக்குச் சொந்தக்காரராகிவிடவில்லை. ஒரு கட்சிக்காரர் பட்டாவை லேமினேட் செய்து, பூஜை அறையில் வைத்து, குங்குமப் பொட்டோடு கோர்ட்டுக்கு எடுத்து வந்தார். தாய்ப் பத்திரம் எங்கே என்றதற்குப் பதில் இல்லை. உங்கள் விஷயத்தில் தனிப் பட்டா எந்த ஆவணத்தின் பேரில் மாறியது என்று தகவல் உரிமைச் சட்டத்தில் கேளுங்கள், வருவாய்க் கோட்டாட்சியரிடம் மேல்முறையீடு செய்யுங்கள். ஆனால் அங்கேயே சண்டையை முடித்துவிடலாம் என்று நினைக்காதீர்கள், உரிமைத் தகராறு இருக்கிறது, சிவில் கோர்ட்டுக்குப் போங்கள் என்றுதான் அவர்களும் எழுதுவார்கள்.

இனி செய்ய வேண்டியது. வில்லங்கச் சான்று 1994-லிருந்து போட்டுப் பாருங்கள், சித்தப்பா எதையாவது அடமானம் வைத்திருக்கிறாரா, யாருக்காவது எழுதிக் கொடுத்திருக்கிறாரா என்று. அவருடைய பிரிபடாத பங்கை அவர் விற்கலாம், அது செல்லும். வாங்கியவர் அவர் இடத்தில் வந்து நிற்பார். "வடக்குப் பக்கம் 20 சென்ட்" என்று எல்லை குறித்து விற்றால் அது உங்களைக் கட்டாது. வழக்குப் போட்ட பிறகு விற்றால் சொத்து மாற்றுச் சட்டம் பிரிவு 52-ன்படி வாங்கியவர் தீர்ப்புக்குக் கட்டுப்பட்டவர். அப்பா, பாட்டி இருவருக்கும் இறப்புச் சான்று, வாரிசுச் சான்று இரண்டும் தனித்தனியாக வேண்டும், அப்பாவின் வாரிசுச் சான்றில் பாட்டி பெயர் இருக்கிறதா என்று பாருங்கள்.

வழக்கு என்றால் பாகப்பிரிவினை வழக்குதான். நோட்டீஸ் எழுதும்போது ஒரு வார்த்தையில் கவனம் வேண்டும். கோபத்தில் "எங்களைப் பல வருடங்களுக்கு முன்பே அடித்து விரட்டிவிட்டு முழுச் சொத்தையும் தானே அனுபவித்து வருகிறார்" என்று எழுதிவிடுவார்கள். அந்த வரி இரண்டு இடத்தில் கடிக்கும். ஒன்று, எதிரிடை அனுபவத்துக்கு அவர் தேடிக்கொண்டிருந்த வெளியேற்றத்தை நீங்களே தேதியோடு ஒப்புக்கொண்டதாகிவிடும். இரண்டு, 1955 தமிழ்நாடு நீதிமன்றக் கட்டணச் சட்டம் பிரிவு 37-ல் கூட்டு சுவாதீனத்தில் இருப்பவருக்குச் சிறிய நிலையான கட்டணம், வெளியேற்றப்பட்டவருக்குப் பங்கின் சந்தை மதிப்பில் கட்டணம். பங்காளி கையில் சொத்து இருப்பதே கூட்டு சுவாதீனம்தான், விலக்கப்பட்டதாகப் பிராதிலேயே, அதாவது வழக்கு மனுவிலேயே, சொன்னால் ஒழிய சிறிய கட்டணம் போதும் என்று நீலாவதி வழக்கில், நம் ஊர்ச் சட்டத்தை வைத்தே, உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. ஆகவே நடந்ததைப் பொய் சொல்லாமல், சொத்து கூட்டு அனுபவத்தில் இருக்கிறது, பங்கு கேட்டோம், இந்தத் தேதியில் மறுத்தார் என்று எழுதச் சொல்லுங்கள்.

அதற்கு முன் ஒரு தடவை பெரியவர்களை வைத்துப் பேசிப் பாருங்கள். 13 வருடம் பாட்டியைப் பார்த்துக்கொண்டவர் அவர், கூரை மாற்றியிருப்பார், போர் போட்டிருப்பார், அந்தச் செலவைக் கணக்கில் எடுப்பதாகச் சொன்னால் பாதிப் பேர் இறங்கி வருவார்கள். வீடு அவருக்கு, நிலத்தில் கூடுதல் உங்களுக்கு என்று பாகப்பிரிவினைப் பத்திரம் எழுதிப் பதிவு செய்துகொள்ளலாம். எதைச் செய்தாலும் அத்தையை விட்டுவிடாதீர்கள். பேசி முடித்தால் அவர் கையெழுத்து வேண்டும் அல்லது தன் பங்கை விட்டுக்கொடுக்கும் விடுதலைப் பத்திரம் வேண்டும், வழக்கென்றால் அவரையும் பிரதிவாதியாகச் சேர்க்க வேண்டும். 48-ல் 2 தானே என்று விட்டால், தேவையான தரப்பினரைச் சேர்க்கவில்லை என்ற ஒரே காரணத்தில் வழக்கு அடிபடும்.